சங்கரேஸ்வரிக்கு லீவு

“ஒண்ணும் பண்ணாத. சும்மா படு. இன்னைக்கு ஒனக்கு அதான் வேல” என்று சொல்லிவிட்டு அழகுமலை படுக்கையறைக் கதவை வெளியே இருந்து இழுத்துச் சாத்தினான். சங்கரேஸ்வரி படுத்தாள். படுப்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை, முதுகைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தால் முடிந்தது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்த கையோடு அவள் இந்தக் கட்டிலில் படுத்ததில்லை, மகள் பிறந்த சமயத்தையும் ஒரு விஷக் காய்ச்சலையும் தவிர. அதனால் இந்த நேரத்து அறையே வேறு யாருடைய அறை மாதிரியோ இருந்தது. ஜன்னல் வெயில் பீரோவின் உச்சியில் விழுந்து அங்கே படிந்திருந்த தூசியைப் பளிச்சென்று காட்டியது. துடைக்க வேண்டும் என்று நினைத்தாள், நினைப்பு கை வரைக்கும் போய்ச் சேரவில்லை, சேராததும் நல்லதுதான், இன்று தூசி துடைக்கக் கூடாது, துணி ஊறவைக்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. எல்லாம் அழகுமலை போட்ட சட்டம். அவன் பைக் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர், எதையும் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி செய்தால்தான் அவனுக்கு மனசு ஆறும். நேற்று டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் வார விடுமுறையை நிஜமான ஓய்வாக மாற்றுவது பற்றி யாரோ எழுதியிருந்ததை, வடை ஆறிப்போகிற வரைக்கும் நின்று படித்து, எண்ணெய்க் கறையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து உரக்க வாசித்தும் காட்டினான். “வண்டிக்கே இத்தன கிலோமீட்டர் ஓடுனா சர்வீஸுக்கு விடுன்னு சொல்றோம், மனுசிக்கு வேணாமா?” என்று அவனே கேட்டு அவனே தலையாட்டிக்கொண்டான். போனைக் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்று தாளில் இருந்ததால் காலையில் இரண்டு போனையும் அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடியைப் போட்டான். தண்ணீரில் விழுந்த போனைத்தானே அரிசியில் போடுவார்கள் என்று நாலாம் வகுப்புப் படிக்கிற மகிழினி கேட்டாள். அதுக்கும் சேத்துத்தான் என்றான்.

நல்லவன். அவன் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சங்கரேஸ்வரி கண்ணை மூடினாள். எப்படியாவது தூங்கிவிட வேண்டும், இன்று பகல் முழுக்க, முடிந்தால் ராத்திரியும், பாக்கி எல்லாவற்றையும் சேர்த்துத் தூங்கித் தீர்த்துவிட வேண்டும், தீர்த்துவிட்டால் நாளைக்குக் காலையில் மகியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாம், போன புதன்கிழமை நடந்ததை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும். இதுதான் கணக்கு. தூக்கம் வந்தால் சொல்ல வேண்டாம், வராவிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். நடந்தது என்று சொல்லக்கூட அதில் ஒன்றும் இல்லை. விளாங்குடியிலிருந்து கிளம்பி பைபாஸில் ஏறியது ஞாபகம் இருக்கிறது, வைகைப் பாலம் தொடங்குகிற இடத்தில் கீழே மணலில் எருமைகள் நின்றது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் பாலத்தைத் தாண்டி பஸ் ஸ்டாப், அங்கே கீரைக்கட்டோடு ஒரு அம்மா. நடுவில் பாலம் இல்லை. பாலம் முழுக்க எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வண்டி தன்பாட்டில் ஓடியிருக்கிறது, கை பிடித்திருக்கிறது, லாரிகள் பக்கத்தில் போயிருக்கின்றன, முதுகில் மகி சாய்ந்திருந்திருக்கிறாள், ஓட்டுகிறவள் மட்டும் தூங்கிவிட்டாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. பள்ளிக்கூட வாசலில் மகி இறங்கி, தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, டாட்டா காட்டிவிட்டுப் போனாள். சங்கரேஸ்வரியும் கை காட்டினாள். பிறகு காளவாசலில் இருக்கிற ஆபீஸுக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அவளுக்குக் கூரியர் கம்பெனியில் புகார் வாங்குகிற வேலை. நாளைக்கு வந்துரும் சார், கண்டிப்பா வந்துரும் சார் என்று அன்றைக்கும் வழக்கம்போல எல்லாரிடமும் சொன்னாள்.

பயம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் பதறிப்போயிருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டும், வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டிருப்பாள். இவளுக்கு ஒன்றுமே வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்தப் புதன்கிழமையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், தொடுகிற விரலுக்குத் தெரிகிறது, உதட்டுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை வண்டியை எடுக்கும்போது வாயில் ஒரு துண்டு இஞ்சியைப் போட்டுக்கொண்டாள், வெள்ளிக்கிழமை பாலத்தில் வாய்விட்டு விளக்குக் கம்பங்களை எண்ணினாள், என்னம்மா எண்ணுற என்று மகி கேட்டாள், சும்மாடி என்றாள். இஞ்சியும் விளக்குக் கம்பமும் வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு ஒரு பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோக முடியும். தூங்கு, சங்கரேஸ்வரி. தூங்கேன். தலையணையைத் திருப்பிப் போட்டாள். வாரம் முழுக்க ஆபீஸில், அடுப்படியில், கோயிலில், ஆட்டுக்கல் மாதிரி கிடந்து தூங்க மாட்டோமா என்று ஏங்கிய உடம்பு, இப்போது கட்டில் கிடைத்ததும் முழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் பசி போய்விடுகிற மாதிரி. ஹெட்போன் மாட்டுகிற இடது காது மட்டும் சூடாக இருந்தது, லீவு நாளிலும் அது சூடாகத்தான் இருக்கிறது, அதற்கு யாரும் லீவு சொல்லவில்லை.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். “அம்மா, தூங்கிட்டியா?” என்றாள் மகி. “ம்.” “தூங்கிட்டா எப்படி ம் சொல்லுவ?” சங்கரேஸ்வரி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், தூங்குகிறவர்கள் எப்படி மூச்சு விடுவார்கள் என்று யோசித்து விட்டதில் நெஞ்சு வலித்தது. மகி கதவைச் சாத்திவிட்டு, “தூங்குறாங்கப்பா” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தாள். அவளை அழகுமலை கதவுக்குக் காவல் போட்டிருக்கிறான். அப்பாவும் மகளும் அடுப்படியில் என்ன பேசினாலும் இங்கே கேட்டது, இந்த வீட்டில் எது பேசினாலும் எங்கேயும் கேட்கும். “அப்பா, இதுதான சீரகம்?” “அது சோம்புடா.” “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு.” “மோந்து பாரு.” “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அம்மாட்ட கேப்பமா?” “கேக்கக் கூடாது. ரூல்ஸ்னா ரூல்ஸ்.” சங்கரேஸ்வரி சிரித்திருக்க வேண்டும். உதடு கொஞ்சம் விரிந்தது, அது சிரிப்புத்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சீரகம் மூடி உடைந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் தூங்கவில்லை என்று தெரிந்துவிடும், தூங்கவில்லை என்றால் அவன் முகம் வாடிவிடும், அவன் ஆசையாக ஏற்பாடு பண்ணிக் கொடுத்த ஓய்வைச் சரியாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவளாகிவிடுவாள். ஓய்விலும் ஒரு பரீட்சை வைத்துவிட்டான் மனுஷன்.

பிறகு கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, விடியற்காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் வாரத்துக்கான இட்லி அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப்போட்டுவிட்டாள், லீவு விஷயமெல்லாம் கை அறியவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டு, சரி, இதையும் முடித்துவிடுவோம் என்று இறங்கியிருக்கிறான். காது தன்னால் அங்கே போனது. உளுந்து போட்டிருக்கிறான், கல் லேசாக, பஞ்சு மாதிரி சத்தம் எழுப்பிக்கொண்டு சுற்றுகிறது, தண்ணீர் தெளிக்கிறான், பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம். உளுந்து பொங்கி வந்ததும் வழித்து எடுத்துவிட்டு அப்புறம் அரிசியைப் போட வேண்டும். வழி. வழித்து எடு. தடதடவென்று கல் இரைந்தது. வழிக்கவில்லை, உளுந்து மேலேயே அரிசியைக் கொட்டிவிட்டான். இனி அது இட்லிக்கும் ஆகாது, ஒழுங்கான தோசைக்கும் ஆகாது, வாரம் முழுக்க அந்தக் கல்லு மாவை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும். எழுந்து ஓடியிருக்க வேண்டியவள் அப்படியே கிடந்தாள். மாவு போனால் போகிறது என்று தோன்றவில்லை, போகக் கூடாது என்றும் தோன்றவில்லை. கெட்டுப்போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். புதன்கிழமை பாலத்திலும் இப்படித்தான் கிடந்திருப்பாளோ, வண்டி மேலே உட்கார்ந்தபடி, எல்லாம் தெரிந்துகொண்டே கை போகாமல். இல்லை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கு வேறு பேர். எதற்கு என்ன பேர். பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்கிப்போகிற ஒருத்திக்கு என்ன பேர்.

அந்த ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அழகுமலைதான். கல்யாணமான புதிதில், ஒரு குடோனுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வண்டியில் உட்கார, அவன் பின்னாலேயே ஓடிவந்தான், பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன் என்று கத்திக்கொண்டே எப்போதோ கையை விட்டிருந்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் தூரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை, இதை யாரிடமும் சொன்னதும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பையன்களிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம், எங்க வீட்டம்மா ஓட்டுனா பின்னாடி ஒக்காந்து தூங்கலாம்டா, அப்படி ஒரு கை என்று. நேற்றுக்கூட ராத்திரி அவள் வண்டியை வாசலில் நிறுத்திப் பிரேக்கைக் கழற்றி மாட்டி, டயருக்குக் காற்று பார்த்து, “இனிமே லேசா தொட்டாலே நிக்கும்” என்றான். பிரேக் நிற்கும். அதை அழுத்துகிறவள் முழித்திருந்தால் நிற்கும். சொன்னால் என்ன ஆகும் என்று ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். அடிக்க மாட்டான், திட்டவும் மாட்டான். முகத்தில் ஒன்று மாறும். வண்டிச் சாவி சுவர் ஆணியிலிருந்து போய்விடும். அவன் ஒர்க்‌ஷாப் ஊரின் அந்தப் பக்கம், மகியைக் கொண்டுபோய் விட அவன் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றுவான், மாற்றிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அதற்கப்புறம் அவள் யார். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிற ஒருத்தி. மகியும் பார்ப்பாள், அந்தக் கண்ணோடு ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு எத்தனை வருஷம் ஆனாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.

ஆனால் தூக்கம் ஏன் அங்கே வந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின சேலையாக நின்றுவிடுகிறது, இழுத்தாலும் வராது. கட்டிலில் வராதது, ஆபீஸில் வராதது, பாலத்தில் ஏன் வந்தது. வீட்டில் இருக்கிற வரைக்கும் யாராவது எதையாவது கேட்கிறார்கள், சாக்ஸ் எங்கே, சட்னி இருக்கா, கேஸ் புக் பண்ணியாச்சா. ஆபீஸில் ஊரே கேட்கிறது, என் பார்சல் எங்கே. வண்டியில் ஏறிவிட்டால் காற்று மட்டும்தான், ஹெல்மெட்டுக்குள் ஒரு குரலும் வராது. முதுகில் மகி கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொள்வாள், அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும், இரண்டு கையும் இடுப்பைச் சுற்றி இருக்கும். வாரம் முழுவதிலும் அவளுக்குச் சுகமாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அதனால் உடம்பு அங்கேயே லீவு எடுத்துக்கொண்டது. யாரையும் கேட்காமல், விண்ணப்பம் எழுதாமல், பிள்ளை சாய்ந்திருக்கும்போதே எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் இன்று எவ்வளவு தூங்கினாலும் நாளைக்குப் பாலத்தில் அந்த வெதுவெதுப்பு முதுகில் பட்டதும் மறுபடியும் வரும். இதை நினைத்ததும் ஒன்று வந்தது. பயம்தான். நாலு நாள் கழித்து, மெதுவாக, தாமதமான பார்சல் மாதிரி வந்து வாசலில் நிற்கிறது. வந்தது வந்தபடி நிற்கட்டும் என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். குக்கர் விசில் அடித்தது, மகி எண்ணினாள், தப்பாக எண்ணினாள். தெருவில் கோலப்பொடிக்காரன் போனான். வெயில் பீரோவை விட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது.

கதவு மறுபடியும் திறந்தது, இந்த முறை அழகுமலை. தலையில் துண்டு கட்டியிருந்தான், முழங்கையில் மாவு. “தூங்குறியா? இல்ல, தூங்கு தூங்கு. பெருங்காயம் மட்டும் எங்க இருக்குன்னு சொல்லிட்டுத் தூங்கு.” “கறிக்கு எதுக்குப் பெருங்காயம்?” என்றாள் கண்ணைத் திறக்காமல். “ரசத்துக்கு. ரசமும் வைக்கிறேன்ல.” “மேல் தட்டுல, புளிக்குப் பின்னாடி.” “சரி சரி, நீ பேசாத. மூளைய ஆஃப் பண்ணு.” போகாமல் நின்றான். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடை ஏறப் போகிறவன் மாதிரி நின்றான். சொல்லிவிடலாம் என்று தோன்றியது, வாய்க்குள் வார்த்தை உருண்டது, என்னங்க என்று ஆரம்பித்தால் போதும். “என்ன?” என்றான் அவன். “கிரைண்டர கழுவிட்டீங்களா?” “கழுவணுமா? சரி, கழுவுறேன்.” போய்விட்டான். அவள் கையைப் பார்த்தாள், கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஹாலில் பாய் விரித்து, எல்லாப் பாத்திரத்தையும் அடுக்கி வைத்திருந்தார்கள், கறிக்குழம்பு, ரசம், முட்டை, கருகின அப்பளம். இதில் பாதியைச் சமைத்தது தான்தான் என்று மகி சொன்னாள். சங்கரேஸ்வரி பாயில் சம்மணம் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள். அழகுமலை அவள் தட்டில் சோற்றைப் போட்டு, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தான். கறியில் சோம்பு வாசம்தான் தூக்கலாக இருந்தது. அவள் பிசைந்தாள். “எப்படி இருக்கு?” என்றான். நல்லா இருக்கு என்றாள், நிஜமாகவே நன்றாக இருந்தது, இன்னொருத்தர் ஆக்கிப்போட்ட சோறு. “நல்லாத் தூங்குனியா?” “இல்லங்க.” “கொஞ்சங்கூடவா?” “கொஞ்சங்கூட.” அவன் முகம் வாடியது. “சரி விடு, மொத நாள்தான. அடுத்த வாரம் வந்துரும். இனிமே எல்லா ஞாயித்துக்கெழமையும் இப்படித்தான். நாளைக்குப் பாரு, வண்டியில போறப்ப எவ்வளவு தெம்பா இருக்கும்னு.”

நாளைக்கு வந்துரும் சார் என்று சொல்கிற அவளுடைய குரல்தான் அது. அவள் நிமிர்ந்தாள். “நாளைக்கு மகிய நீங்க கூட்டிட்டுப் போங்க” என்றாள். “ஏன், ஒனக்கு லீவா?” “இல்ல. நான் வண்டியில தூங்கிட்டேன்.” அவனுக்குப் புரியவில்லை. “எந்த வண்டியில?” “நம்ம வண்டியில. ஓட்டிட்டுப் போறப்ப. பாலத்துல. புதன்கெழம.” அவன் அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தான். “மகி?” “பின்னாடிதான் இருந்தா.” மகி எலும்பை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். சங்கரேஸ்வரியும் அவளைப் பார்த்தாள், பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று பார்த்தாள். இத்தனை நாளாக எந்தக் கண்ணுக்குப் பயந்தாளோ அந்தக் கண்தான், குழந்தையின் கண், பெரிதாகி இருந்தது. “எனக்குத் தெரியவே இல்லையேம்மா” என்றாள் மகி சின்னக் குரலில். “எனக்கும் தெரியலடா.” அழகுமலை அப்பளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். மகியின் தலையைத் தொட்டான், தோளைத் தொட்டான், எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று இப்போது தேடுகிறவன் மாதிரி. “இனி நீ வண்டியத் தொடக் கூடாது” என்றான். அவன் குரல் அவளுக்குத் தெரிந்த குரலாக இல்லை. “சரிங்க.” “ரெண்டு நாளு அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போயிருக்க.” “ஆமா.” “எம்புள்ளய வச்சுக்கிட்டு.” “ஆமா.” அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. “அன்னைக்கே ஏன் சொல்லல ஈஸ்வரி? ஏன் சொல்லல?”

யோசித்துப் பார்த்தாள். பயந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் நிஜம்தான், ஆனால் நாக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. “இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுச்சு” என்றாள். சொல்லி முடித்ததும் தலை சுவரில் போய்ப் பட்டது. பட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை. அவன் இன்னும் ஏதோ கேட்டான், எந்த நேரத்தில், லாரி இருந்ததா, எவ்வளவு வேகம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும், நியாயமான கேள்விகள், பிள்ளையைப் பெற்றவன் கேட்கத்தான் செய்வான். சொல்கிறேன், கொஞ்சம் இருங்க, சொல்கிறேன் என்று நினைத்தாள், அந்த நினைப்பு வாய்க்கு வரும் வழியில் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. பிசைந்த சோறு விரலில் ஒட்டியிருந்தது, கையைக் கழுவ வேண்டும். “ஈஸ்வரி, ஒன்னத்தான் கேக்குறேன்” என்றான் அழகுமலை. மகி பாயில் நகர்ந்து வந்து அம்மாவின் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “தூங்குறாங்கப்பா” என்று இந்த முறை கிசுகிசுத்துவிட்டு, அம்மாவின் தட்டைச் சத்தம் வராமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.